கேக்காம மறிக்கிற ஃபயர்வோல்

என்ன, வயர்தான் கழண்டு கிடந்ததோ? தெரியும் தம்பி. கழட்டினதே நான்தான். கொம்பியூட்டர் பழுது, கடையில இருந்து ஆளைக் கூப்பிடு கூப்பிடு எண்டு திங்கக்கிழமையில இருந்து என்ர மனுசன் ஒரே கரைச்சல். வந்தனீங்கள்தானே, அப்பிடியே ஒரு ஃபயர்வோலும் போட்டு விடுங்கோ. ஏன் சிரிக்கிறியள்? பம்பலப்பிட்டியில பாங்கில இருந்தனான். நீங்கள் பிறக்க முன்னமே கொம்பியூட்டர் தொட்ட கை இது.

அந்தக் கதிரையில வேண்டாம், அது அவற்ற. மற்றதில இருங்கோ.

விண்டோஸோட வாறது இருக்குத்தான். அது காணாது, போதாது. வெளியில இருந்து வாற கள்ளனை மறிக்கத்தான் அது சரி. எனக்கு உள்ளுக்க இருக்கிற ஆளை மறிக்கோணும். கீழ் வீட்டு யூஜினா ஒண்டு போட்டிருக்கிறா, காசில்லாமக் கிடைக்கிறது. விடவோ, மறிக்கவோ எண்டு ஒவ்வொண்டுக்கும் கேட்டுக்கொண்டு நிக்கும். கேட்டா இவர் விடு எண்டுதானே அமத்துவார். எனக்குக் கேக்காம மறிக்கிறது வேணும். மறிச்சதெண்டு காட்டவும் கூடாது. சிவப்பில பெட்டி ஒண்டும் வந்து நிக்கக்கூடாது. ஒருத்தரும் தேடேல்ல, ஒண்டும் வரேல்ல, அப்பிடிக் கிடக்கோணும் திரை.

சின்னப் பிள்ளையளுக்குப் போடுறதோ? அதுதான் தம்பி! சரியாப் பிடிச்சிட்டீங்கள். பிள்ளைதான், எழுபத்தாறு வயசுப் பிள்ளை. பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்திட்டுது. சோறு தீத்தி வாய் துடைக்கிறது நான். வலது கை மட்டும் நல்லா வேல செய்யுது, மவுஸ் பிடிக்க.

அவரிட்டப் போன் இருந்தது. தண்ணிக்க விழுந்திட்டுது. விழுந்ததோ, போட்டதோ, அது உங்களுக்கு என்னத்துக்கு? நீங்கள் பிளேன்ரீயைக் குடியுங்கோ. மலைநாடோ நீங்கள்? கதையில விளங்குது. அப்ப ரீ சரியில்லாட்டி சொல்லிப்போடுங்கோ, உங்கட ஆக்கள் கிள்ளினதுதானே.

முதல் மறிக்க வேண்டியது அந்த மரண அறிவித்தல் சைட். ஓம், அதேதான். காலமை முகம் கழுவ முன்னம் அதைத்தான் பாப்பார். ரொறன்ரோவில ஆர், லண்டனில ஆர், ஆற்ற மாமன், ஆற்ற மருமோன். ஆள் தெரியாட்டியும் அடி வரைக்கும் வாசிப்பார். எங்கட சனத்துக்கு இதொரு வருத்தம். முன்வீட்டில செத்தாலும் அதில படம் வந்தாத்தான் நம்புவினம். அடுத்தது பேஸ்புக். பிறகு வீடியோ கோல் வாறது. கிரிக்கெட்டை விடுங்கோ, நியூஸை விடுங்கோ. நான் என்ன கொடுமைக்காரியோ?

பொறுங்கோ, பெல்லடிக்குது.

எப்பா மல்லி, அத எப்பா.

மீன்காரன், சிங்களப் பெடியன். இந்தக் கிழமை மீன் வேண்டாமெண்டு விட்டன். எங்க நிண்டனாங்கள்?

ஆரை மறிக்கவோ? மகளைத்தான். றஷ்மி. ஒரே மகள். கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருத்தன், ரொனி எண்டு, தகப்பன் ஹாபரில மூட்டை தூக்கினவன், வேதக்காரர். அவனோட கனடாவுக்குப் போய்ச் சேர்ச்சில முடிச்சவள். எங்களுக்குப் பிள்ளையே இல்லையெண்டு நான் அண்டைக்கே சொல்லிப்போட்டன். இவரும் பக்கத்தில நிண்டு தலையாட்டினவர். ஆட்டிப்போட்டு, நான் காலமை கோயிலுக்குப் போற நேரம் பாத்து அவளோட கதை.

எப்பிடிப் பிடிச்சனானோ? மழை ஒரு நாள். குடையை மறந்து திரும்பி வந்தன். கதவைத் திறக்கேக்க சிரிப்புச் சத்தம். இவர்தான் தம்பி, இந்த இரத்தினசிங்கம்தான் சிரிக்கிறார். கோணின வாயால எச்சில் வடிய வடிய. கலியாணம் முடிச்ச நாளில இருந்து என்னோட அப்பிடிச் சிரிச்ச மனுசன் இல்ல. என்ன பகிடியெண்டு எட்டிப் பாத்தா, அவள் அங்க தோசை சுடுறாள். சட்டிக்கு மேல போனைப் பிடிச்சுக்கொண்டு, அப்பா இதுவும் கருகிட்டுது எண்டுறாள். அவ்வளவுதான் பகிடி.

நான் குடையை எடுத்துக்கொண்டு போயிட்டன். அதுக்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போய், செருப்பைச் சத்தமாத் தேச்சுத் தேச்சுத் திரும்பி வந்தனான், அவர் மூடி வைக்கட்டும் எண்டு. பாவம் பாத்தோ? போங்கோ தம்பி. என்ர வயித்தில பிறந்தவள், எவ்வளவு நாளைக்கு ஒழுங்கா கோல் எடுப்பாள்? ஒரு நாளைக்கு மறப்பாள், ரெண்டு நாளைக்கு மறப்பாள், அப்ப இவற்ற மூஞ்சையைப் பாப்பம் எண்டு காத்திருந்தன். சனியன், ஒரு நாள் மறக்கேல்ல.

வயரைக் கழட்டினபடியே விட்டிருக்கலாமோ? அதுதான் உங்களுக்கு விளங்கேல்ல. வயர் இல்லாட்டி அவர் வயரிலதானே பழியைப் போடுவார். கொம்பியூட்டர் பாவம், வயசு போயிட்டுது, என்ர மோள் அங்க தவிச்சுக்கொண்டு நிக்கும் எண்டுவார். இதெல்லாம் வேல செய்யோணும். அவள் மட்டும் வரக்கூடாது.

இல்ல, அவள் வேற வழியால எடுக்க மாட்டாள். எடுக்க ஏலாது.

திங்கக்கிழமை ரொனி வீட்டு லைனுக்கு எடுத்தவன். அன்ரி எண்டான். முதல்தரம் அப்பிடிக் கூப்பிடுறான். றோட்டில ஐஸாம், கார் வழுக்கினதாம், அவள் தனியத்தான் ஓட்டிக்கொண்டு போனவளாம். ம் எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன். நாளைக்குச் சேர்ச்சில பெட்டி வைக்கினம். லைவ் போகுதாம், எங்களுக்கு ராச்சாப்பாட்டு நேரம். அந்த லிங்கை உலகத்தில இருக்கிற சனமெல்லாம் இவருக்குத்தான் அனுப்புவினம். நேரில ஆர் வருகினம்? வெள்ளவத்தையில இப்ப சனம் கொம்பியூட்டரிலதானே அழுகுது. மரண அறிவித்தலில படமும் போட்டாச்சு. பச்சைச் சீலையோட. நான் எடுத்துக் குடுத்த சீலை அது.

என்ன தம்பி, கையை எடுத்திட்டீங்கள்? அடியுங்கோ, அடியுங்கோ.

செத்த வீட்டுத் துடக்கு நான் காக்கிறன்தானே. மீன் இல்ல, கோயில் இல்ல. முழங்கால் நோ எண்டு அவருக்குச் சொல்லியிருக்கிறன். அது காணும் அவளுக்கு.

இப்ப செத்திட்டாள் எண்டு சொன்னா அவள் சாமியாகிடுவாள். படத்தைப் பெரிசாக்கி இந்தச் சுவரில கொழுவி, சாகும் வரைக்கும் அதோட கதைப்பார். நான் பக்கத்தில இருந்து வாய் துடைக்கோணும். எடுக்காம விட்டவள் எண்டா அப்பிடியில்ல. கொஞ்சம் கொஞ்சமாக் கோவம் வரும். நன்றி கெட்ட நாய் எண்டு ஒருக்கா, ஒரே ஒருக்கா, அவற்ற வாயால நான் கேக்கோணும். கேட்ட அண்டைக்கே உங்களுக்குப் போன் அடிக்கிறன், வந்து எல்லாத்தையும் திறந்து விடுங்கோ. அவர் வடிவாப் பாக்கட்டும்.

முடிஞ்சுதோ? அங்கால திரும்புங்கோ, பாஸ்வேர்டை நான் போடுறன்.

அவரைத் தள்ளிக்கொண்டு வாறன். உங்களைத்தான் கேப்பார். பொய் ஒண்டும் சொல்ல வேண்டாம். கொம்பியூட்டரில பிழையில்லை ஐயா எண்டு சொல்லுங்கோ, காணும். அது உண்மைதானே.

இஞ்சருங்கோ, கடைத் தம்பி வந்து பாத்திட்டார். ஓமப்பா, எல்லாம் நல்லா வேல செய்யுதாம், லைனும் சரியாம். பாருங்கோ, நீங்களே பாருங்கோ.

அவள்தான் எடுக்கேல்லப் போல.