சிங்க் முன்னாடி இருபது நிமிஷம்

— அந்த நாலு நம்பரை மட்டும் சொல்லிடுங்கம்மா. நான் பாட்டுக்கு மாட்டிட்டுப் போயிடுறேன்.

— சொல்ல மாட்டேன்.

— உங்க போனுக்குத்தான்மா வந்திருக்கு. இப்பத்தானே டிங்குன்னு கேட்டுச்சு.

— வந்திருக்கு, இல்லைன்னு சொன்னேனா? மெக்கானிக், நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவ. யாருக்கு நம்பர் குடுக்கணும், யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு எனக்கு நீ பாடம் எடுக்காதே.

— சிம்பிள் மேட்டர்மா. நம்பரை என் போன்ல தட்டினாத்தான் பெட்டியைப் பிரிக்கவே கம்பெனி விடும். இல்லைன்னா 'வாடிக்கையாளர் வேண்டாம்னு சொல்லிட்டார்'னு எழுதிட்டு, இந்த அம்பது கிலோவை மறுபடி மூணு மாடி இறக்கணும். லிஃப்ட் வேற படுத்துக்கிச்சு.

— தூக்கிட்டு வரச் சொல்லி நானா கேட்டேன்? ஆர்டர் போட்டவர் வாக்கிங் போயிருக்கார். புதன்கிழமை ஆனா போதும், பத்து மணிக்கு வாக்கிங். வெயில் மண்டையைப் பிளக்குற நேரத்துல எவனாவது நடப்பானா? கேட்டா உடம்புக்கு நல்லதாம்.

— சார் போட்ட ஆர்டர் உங்க நம்பருக்கு எப்படிம்மா வந்துச்சு?

— அங்கதான் மனுஷன் மாட்டினார். இப்பல்லாம் அவர் எதையும் விரலால தட்டுறதில்லை. போனைப் பார்த்துப் பேசுறார். 'பாத்திரம் கழுவுற மெஷின் ஒண்ணு வாங்கு, தகவலை வீட்டு நம்பருக்கு அனுப்பு'ன்னு மகாராஜா மாதிரி உத்தரவு. அவர் போன்ல வீட்டு நம்பர்னு இருக்கிறது என் நம்பர். அப்படித்தான் எனக்கு விஷயமே தெரியும்.

— நல்லதுதானேம்மா செஞ்சிருக்கார். மத்த வீடுகள்ல இந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஜூஸ் குடுப்பாங்க. நீங்க தண்ணிகூடக் குடுக்கலை.

— ஃபில்டர் அதோ இருக்கு, பிடிச்சுக் குடி. அதை மாட்டினதும் நீதான். பதினெட்டு வருஷம் முன்னாடி வாஷிங் மெஷினை மாட்டினதும் நீதான். அப்ப உனக்கு மீசை இருந்துச்சு.

— அடேயப்பா. மீசை வரைக்கும் ஞாபகம் இருக்கா? வீட்டுக்காரிக்குப் பிடிக்கலை, எடுத்துட்டேன்.

— உன்னை எப்படி மறப்பேன்? 'இனிமே நீங்க ராணி மாதிரி உட்காரலாம்மா'ன்னு சொல்லிட்டுப் போனியே. உட்கார்ந்தேனா? கேளு. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமைன்னா வீடே மொட்டை மாடியிலதான் கிடக்கும். நான் தேய்ப்பேன், மகன் வாளி தூக்குவான், மகள் கிளிப் மாட்டுவா. பெட்ஷீட்டுக்கு ஒரு முனை அவர், ஒரு முனை நான். முறுக்கிப் பிழியறப்ப வேணும்னே ஒரு சுத்து கூட முறுக்கி என்னைத் தடுமாற வைப்பார். பசங்க விழுந்து விழுந்து சிரிக்கும். நீ வந்து பைப்பைச் சொருகிட்டுப் போன. அடுத்த ஞாயிறு மாடிக்கு நான் மட்டும் போனேன்.

— அதுக்கு மெஷின் என்னம்மா பண்ணும்?

— நாலு பேர் வேலையை அது செய்யும்னு சொன்ன. மூணு பேர் வேலையைத்தான் செஞ்சுது. அந்த மூணு பேருக்கும் லீவு. நாலாவது ஆள் இன்னும் டியூட்டிலதான் இருக்கா. போதாததுக்கு, ஒரு சட்டையை ரெண்டு நாள் போட்டுக்கிட்டிருந்தவங்க, மெஷின்தான் இருக்கேன்னு ஒரே நாள்ல ரெண்டு சட்டை போட ஆரம்பிச்சாங்க.

— எங்க வீட்டுலயும் அதே கூத்துதான்மா. என் பையன் துண்டை ஒரு தடவை தொட்டாலே அழுக்குக் கூடைங்கிறான்.

— அதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ். சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் பையை எடுத்துக்கிட்டுக் காய்கறி வாங்கப் போவோம். போக ஒரு கால் மணி, வர ஒரு கால் மணி. ஃப்ரிட்ஜ் வந்ததும் வாரத்துக்கு ஒரு நாள் அவர் மட்டும் ஸ்கூட்டர்ல போனார். இப்ப அதுவும் இல்லை. யாரோ ஒரு பையன் வாசல்ல வெச்சுட்டு போட்டோ எடுத்துட்டுப் போறான். டிவி ஒண்ணு இருந்தப்ப ரிமோட்டுக்கு அடிதடி நடக்கும். ஆளுக்கு ஒரு போன் வந்துச்சு, வீட்டுல சண்டை போடக்கூட ஆள் கிடைக்கலை.

— நான் ஒண்ணு சொல்லட்டுமாம்மா? இத்தனை மெஷின் வந்தாச்சு. இதையும் விட்டுடுங்களேன். வெறும் பாத்திரம்தானே?

— வெறும் பாத்திரமா? கல்யாணம் ஆன முதல் வாரத்துலேர்ந்து, சாப்பிட்டு முடிச்சதும் நான் தேய்ப்பேன், அவர் அலசி ஸ்டாண்டுல அடுக்குவார். இருபது நிமிஷம். எனக்கு நைட் டியூட்டின்னா பாத்திரம் மறுநாள் வரைக்கும் காத்துக் கிடக்கும், அவர் தனியாத் தொட மாட்டார். மகன் பரிட்சையில கோட்டை விட்டதை அவர் எனக்குச் சொன்னது அந்த சிங்க் முன்னாடிதான். மகள் ஒருத்தனை விரும்புறான்னு நான் அவருக்குச் சொன்னதும் அங்கதான். ரெண்டு பேரும் சுவத்தைப் பார்த்து நிப்போம் பாரு, முகத்தைப் பார்க்க வேண்டாம். கஷ்டமானதைச் சொல்றதுக்கு அதை விட்டா வசதியான இடம் கிடையாது. எல்லாத்தையும் மெஷின் எடுத்துக்கிச்சு, நான் விட்டேன். இதை விட மாட்டேன்.

— கதவு ஏன் திறந்தே கிடக்கு? ஓ, நான் ஆர்டர் போட்டது வந்தாச்சா. விஷயம் என்னன்னா மெக்கானிக், சிங்க்குக்குக் கீழயே ஒரு குழாய் பாயிண்ட் இருக்கு...

— சார், குழாய் பாயிண்ட் இருக்கு, கரண்ட் பாயிண்ட் இருக்கு. நம்பர்தான் இல்லை. அம்மா தர மாட்டேங்கிறாங்க.

— ஏன் தரலை நீ? பாவம், அந்த ஆளு எவ்வளவு நேரமா நிக்கிறார்.

— வாங்க. வாக்கிங் முடிஞ்சுதா? கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டே நடந்தா உடம்பு எப்படி இளைக்கும்? அந்தப் போனைக் கொஞ்ச நேரம் விட்டுட்டுக் கையை வெளியில எடுங்களேன்.

— சரி, பேச்சை மாத்தாதே. விஷயம் என்னன்னா, உனக்காகத்தான் வாங்கினேன். இந்த வயசுல இன்னும் எத்தனை நாள் நின்னு தேய்ப்பே?

— எனக்காகவா? அப்ப எங்கிட்ட ஏன் கேட்கலை?

— கேட்டா வேண்டாம்பே.

— இப்பவும் வேண்டாம்னுதான் சொல்றேன். மெக்கானிக், இதையும் கேட்டுக்கோ. நாலு மாசமா சார் சிங்க் பக்கமே வரலை. முதல்ல கண்ணாடி டம்ளரா உடைச்சார். ஒரு மாசத்துல மூணு. சோப்பு வழுக்குச்சுன்னார். சோப்பு முப்பத்தஞ்சு வருஷமா வழுக்கலையா? அப்புறம் முதுகு வலின்னார். முதுகு வலிக்கிறவர் அப்படியே மூணு மணி நேரம் டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கார்.

— உட்கார்ந்தா வலிக்காது.

— என்கூட நின்னா மட்டும் வலிக்கும்.

— அம்மா, சார், நீங்க பேசி முடிங்க. நான் வேணா கீழ போய் டீ குடிச்சுட்டு...

— நீ எங்கயும் போகாதே. உன் முன்னாடிதான் பேசணும். நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்தா இவர் டிவி சத்தத்தைக் கூட்டிடுவார். ரிமோட்கூட வேண்டாம், வாயாலயே கூட்டுவார். போன மாசம் ஒரு டப்பா வாங்கி வெச்சிருக்கார், அதோ பாரு. 'லைட்டைப் போடு', 'ஃபேனை நிறுத்து'ன்னு அதுகிட்டப் பேச்சு. ஸ்விட்சு ரெண்டடி தூரத்துல இருக்கு. ஒரு நாள்ல எங்கிட்டப் பேசுறதை விட அதுகிட்ட அதிகம் பேசுறார்.

— வசதிக்குத்தான் எல்லாம்.

— எதுக்குத்தான் வசதி வேண்டாம் உங்களுக்கு? பட்டன் போடச் சோம்பல்னு சட்டையை விட்டுட்டு டீஷர்ட். அறுபத்திரெண்டு வயசுல. டீக்கு மூடி போட்ட பெரிய கப். அதுவும் பாதிதான் ஊத்தணுமாம், இல்லைன்னா கோபம் வருது. மகளுக்கு வாராவாரம் நாலு வரி கடிதம் மாதிரி எழுதி அனுப்பிக்கிட்டிருந்தவர், இப்ப குரலைப் பதிவு பண்ணி அனுப்புறார். 'அப்பா ஏம்மா எழுதுறதே இல்லை'ன்னு அவ என்னைக் கேட்கிறா. உங்கப்பாவுக்கு விரல் வலிக்கும்டின்னு கிண்டலாச் சொன்னேன்.

— அவகிட்ட அப்படியா சொன்னே?

— பின்ன எப்படிச் சொல்ல?

— ஒண்ணும் இல்லை. விடு. மெக்கானிக், பழைய ஸ்டாண்டைக் கழட்டணுமா?

— நம்பர் வராம நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது சார். கம்பெனி ரூல்.

— இவளே, நான் சொல்றதைக் கேளேன். மெஷின் ஓடுற நேரத்துல நாம ரெண்டு பேரும் ஹால்ல உட்கார்ந்து பேசலாமே.

— இதையேதான் வாஷிங் மெஷின் வந்தப்பவும் சொன்னீங்க. அது ஓடுறப்ப மொட்டை மாடியில உட்கார்ந்து பேசலாம்னு. ஃப்ரிட்ஜ் வந்தப்பவும் சொன்னீங்க. பேசினோமா? அந்தச் சிங்க் முன்னாடி நிக்கிற நேரம்தான் நமக்கு பாக்கி. அதுவும் போச்சுன்னா, நாம ஒரே வீட்டுல வாடகைக்கு இருக்கிற ரெண்டு பேர். அவ்வளவுதான்.

— பெரிய பேச்சுப் பேசாதே.

— சின்னதாவே கேட்கிறேன். என்கூட நிக்கப் பிடிக்கலையா? வாயைத் திறந்து சொல்லுங்க. கத்த மாட்டேன், அழ மாட்டேன். நம்பரைக் குடுத்துட்டுப் போறேன்.

— அப்படி இல்லை.

— பின்ன?

— அப்படி இல்லைன்னு சொல்றேன்ல. அதுக்கு மேல கேட்காதே.

— பார்த்தியா மெக்கானிக்? எப்பக் கேட்டாலும் இதே பதில்தான். சரி. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். உன்கிட்ட தாள் இருக்கா?

— மாட்டிக் குடுத்ததுக்குக் கையெழுத்து வாங்குற ஃபாரம் இருக்கும்மா. பின்னாடி வெறும் தாள்தான்.

— அதைக் குடு. பேனாவும் குடு. என்னங்க, இதுல எழுதுங்க. 'இனிமேல் பாத்திரம் அலச உன் பக்கத்தில் நான் வரமாட்டேன். இது என் விருப்பம்.' கீழ கையெழுத்து. அடுத்த நிமிஷம் நம்பர் தர்றேன். ஃப்ரிட்ஜ் கதவுல இதை ஒட்டி வெச்சுட்டு ஜென்மத்துக்கும் இதைப் பத்திப் பேச மாட்டேன்.

— என்ன சின்னப் பிள்ளை விளையாட்டு இது?

— விளையாட்டு இல்லை. எழுதுங்க.

— வாயால சொல்றேன், நீ பதிவு பண்ணிக்கோ.

— அந்த டப்பாகிட்டச் சொல்ற மாதிரி எங்கிட்டச் சொல்லாதீங்க. எழுதித் தாங்க.

— மெக்கானிக் எழுதட்டும். நான் கைநாட்டு வெக்கிறேன்.

— சார், ஜோக் அடிக்கிறீங்க. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? வாஷிங் மெஷினுக்குக் குழாய் எந்தப் பக்கம் வரணும்னு ஒரு படம் போட்டுக் குடுத்தீங்க. ஸ்கேலே இல்லாம கோடு நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. ரொம்ப நாள் அதைப் பர்ஸுல வெச்சிருந்தேன்.

— வெச்சிருப்பே. ஆபீஸ்ல முப்பது வருஷம் கட்டட வரைபடம் போட்டவர். புதுசா வர்ற பசங்களுக்கு இவர் எழுத்தைத்தான் காட்டுவாங்களாம், இப்படி எழுதுன்னு. அந்தக் கைக்கு ரெண்டு வரி என்ன பாரமா? பிடிங்க பேனாவை.

— நாளைக்கு எழுதுறேன்.

— இப்ப.

— சொன்னாக் கேளு.

— முப்பத்தஞ்சு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு தடவை நான் சொல்றதை நீங்க கேளுங்க. ரெண்டே வரி. அதை எழுத உங்களுக்கு மனசு வரலைன்னா, மெஷினைத் திருப்பி அனுப்பிட்டு சாயங்காலம் சிங்க்குக்கு வாங்க. ரெண்டுல ஒண்ணு.

— வர முடியாது.

— அப்ப எழுதுங்க.

— ...குடு.

— சார், மேஜையில வெச்சு எழுதுங்க. நான் தாளைப் பிடிச்சுக்கிறேன்.

— வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்.

— அதுக்கு ஏன் எனக்கு முதுகைக் காட்டி உட்காரணும்? பரிட்சையா எழுதுறீங்க, பார்த்து எழுதிடுவேன்னு மறைக்க? ரெண்டு வரிக்கு எவ்வளவு நேரம்? வேணும்னே இழுக்கிறார் மெக்கானிக். எனக்கு மனசு மாறிடும்னு பார்க்கிறார். மாறாது.

— அம்மா, போதும். விட்டுடுங்கம்மா.

— நீ ஏன்ப்பா திடீர்னு கட்சி மாறுற? குரல் ஏன் இப்படி இறங்கிப் போச்சு? முடிஞ்சுதா? குடுங்க இங்க.

— இந்தா. படி.

— என்னத்தைப் படிக்கிறது? முதல் எழுத்துதான் எழுத்து மாதிரி இருக்கு. போகப் போக சுருங்கி, கடைசியில எறும்பு ஊர்ந்து போன மாதிரி... கையெழுத்துன்னு கீழ ஒரு நெளிசல். வேணும்னே கிறுக்கிக் குடுத்தா சும்மா விட்டுடுவேன்னு நினைப்பா? மெக்கானிக், இன்னொரு தாள் எடு. என்கிட்ட இந்த வேலையெல்லாம் வேண்டாம், ஒழுங்கா எழுதுங்க.

— ஒழுங்காத்தான் எழுதினேன். புதன்கிழமை நான் போறது வாக்கிங் இல்லை, ஆஸ்பத்திரிக்கு. எட்டு மாசமா இந்தக் கை இப்படித்தான் எழுதுது.