ஸ்தோத்திரக் காணிக்கை வாசித்த ஞாயிறு

ஓடுகிறேன். இடுப்பில் தண்ணீர்க் குடம். ராஜபாளையத்தின் விளிம்பில் எங்கள் தெரு எரிகிறது. முதல் பெட்ரோல் குண்டு பாட்டில் உடைகிற சத்தத்தோடு விழுந்தது. அடுத்ததற்குச் சத்தமே இல்லை. அது எங்கள் கூரையில் விழுந்தது.

“ஏட்டி எஸ்தர், அந்தப் பக்கம் போகாத! அங்கிட்டும் நிக்காங்க!”

கத்துவது பக்கத்து வீட்டு ரூபி அக்கா. குடத்தைப் போடுகிறேன். என் மகள் செல்வி உள்ளே தூங்குகிறாள். காய்ச்சல். ஆறு வயது. வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓலைக் கூரை, நடுவில் ஓர் அரைச் சுவர். ரூபி அக்காவின் கணவர் துரை அண்ணன் புகைக்குள் நுழைகிறார். தன் மகன் ஜெபாவைத் தூக்கி வந்து தெருவில் விட்டார். செல்விக்காக மறுபடி போனார். மூங்கில் படபடவென்று வெடித்தது. கூரை இறங்கியது. கை இரண்டும் வெந்துபோய் அவளைத் தூக்கி வந்தார். மூச்சு இருந்தது.

ஐப்பசி மாதம். செவ்வாய்க்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் மூண்ட கலவரம் அது. யார் ஆரம்பித்தார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு லாரியில் போகிறோம். ரூபி அக்கா ஜெபித்துக்கொண்டே வருகிறாள். துரை அண்ணன் மில் தொழிலாளி. கடவுள் இல்லை என்கிறவர். “உங்க கர்த்தர்ட்ட சொல்லி நம்ம குழாயில தண்ணி வரச் சொல்லுங்க” என்று எங்களைக் கிண்டல் செய்வார். நாங்களும் சிரிப்போம். அன்று வெந்த கைகளை விரித்தபடி செல்வியையே பார்த்துக்கொண்டு வந்தார். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் செல்வி “ம்மா” என்றாள். அதன்பின் லாரிச் சத்தம் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை. தப்பி வந்தவர்கள் எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நன்மை பெற்றவர்கள் காரணத்தை எழுதிக் காணிக்கை வைப்பது எங்கள் சபை வழக்கம். போதகர் அதை வாசிப்பார்.

“ரூபி குடும்பத்தார். மகனை அக்கினிக்குத் தப்புவித்த கிருபைக்காக.”

சபை ஆமென் என்றது. பழக்கத்தில் என் வாயும் சொல்லிவிட்டது. எழுந்தேன்.

“ஐயா, எம்மவ பேரையும் வாசிங்க. அவளுக்கு என்ன காரணம் எழுதணும்னு நீங்களே சொல்லுங்க.”

போதகர் கையிலிருந்த காணிக்கைக் கவரைத் தட்டில் வைத்தார்.

“நன்றி சொல்லாம எப்படிட்டி இருப்பேன்? எம்புள்ள உசுரோட இருக்கான்லா” என்று ரூபி அக்கா அழுதாள். அதில் பொய்யில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே வந்தேன். வாசலில் துரை அண்ணன். கை இரண்டிலும் கட்டு.

“தங்கச்சி, உள்ள வாசிச்சது கேட்டுச்சு. கடவுள் ஒண்ணும் செய்யல. ரெண்டு புள்ளையும் எங்கண்ணுல பட்டுச்சு. நான் மொதல்ல எம்மவனத் தூக்குனேன். தெரிஞ்சேதான் தூக்குனேன்.”

கோபப்பட எனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அந்தக் கைகளைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

போனவை இவை. இரண்டு வீடு. ஒரு தையல் மிஷின். துரை அண்ணனின் மூன்று விரல்கள். ரூபி அக்காவும் நானும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடிய ஞாயிறுகள். செல்வி.

கடவுளை இதில் சேர்ப்பதா என்று இன்னும் தெரியவில்லை. ஆலயத்துக்குப் போகிறேன். ஆமென் சொல்வதில்லை.