மரபுப் பாடல்

சன்னலுக்கு வலைத்துணித் திரை போட்டால், வெளியே போகிறவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியாது. உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளியே எல்லாம் தெரியும். வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததில் உருப்படியானது இது ஒன்றுதான் என்பது என் கட்சி. நீ இங்கே வருமுன் எதிர்வீட்டு மணியை அடித்ததையும், அவள் கதவைத் திறக்காமல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்ததையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். அவள் திறக்கமாட்டாள். தலைக்குச் சாயம் பூசுகிற நேரம்.

உட்கார். பர்ஃபி எடுத்துக்கொள். நவ்தீப் என்றுதானே சொன்னாய்? ஸ்மெதிக்கில் எந்தத் தெரு? ஓ, அங்கேயா. உன் அக்காவுக்கு நிச்சயம் பண்ணி நின்றுபோனதே, அந்த வீடுதானே. சரி சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை.

மிண்டோவுக்காக வந்திருக்கிறாய். பர்மிந்தர் கௌர் என்பது கல்லூரிக்குக் கொடுத்த பேர், இந்தத் தெருவுக்கு அவள் மிண்டோ. கோடை விடுமுறைக்கு ஊருக்கு, ஜலந்தர் பக்கம் போனவள் ஏன் கல்லூரிக்குத் திரும்பவில்லை, இஷ்டப்பட்டுத்தான் அங்கே இருக்கிறாளா, இதுதானே பெண்களுக்கு உதவுகிற உங்கள் ஆபீசின் கேள்வி? இஷ்டப்பட்டு இல்லை. அவளை அனுப்பியது அவள் அப்பா. அனுப்ப வைத்தது நான். மென்று முழுங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் அப்பா சுலக்கன் சிங் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். இரும்பு வார்க்கிற தொழிற்சாலையில் வேலை. கை இரும்பு, மனசு வெண்ணெய். மனைவி போனபிறகு மகளை எப்படி வளர்ப்பது என்று தெரியாமல், வளர்க்கவேண்டிய இடத்திலெல்லாம் என்னைக் கூப்பிட்டார். நானும் தனிக்கட்டை, வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். அப்படித்தான் அவளுக்கு நான் மாசி ஆனேன். கூடப் பிறக்காத சித்தி.

பகல் ஆட்டம் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீயும் போயிருப்பாய், முகத்திலேயே எழுதியிருக்கிறது. பொழுது சாய்ந்தபின் எந்தச் சீக்கிய அப்பன் பெண்ணை வெளியே விடுவான்? அதனால்தான் நம் பையன்கள் டவுனில் இருக்கிற பெரிய டிஸ்கோ மண்டபத்தைப் பட்டப்பகலில் வாடகைக்கு எடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாங்ரா வாசிக்க ஆரம்பித்து, அப்பாக்கள் ஷிஃப்ட் முடிந்து வருமுன் முடித்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து சல்வாரில் கிளம்புகிற பெண், பஸ் நிலையக் கழிப்பறைக்குள் போய்ப் பாவாடையில் வெளியே வருகிறாள். திரும்பும்போது மறுபடியும் சல்வார். மந்திரவாதி தொப்பிக்குள் முயலைப் போட்டு எடுக்கிற மாதிரி.

மிண்டோ ஒருநாள் டைப்பிங் வகுப்பிலிருந்து வந்தாள். காதுக்குப் பின்னால் ஜிகினா. டைப்ரைட்டரில் ஜிகினா ஏது? ஈரத்துணியால் நானே துடைத்துவிட்டேன். "இனிமே அந்த நாத்தம் பிடிச்ச பஸ் ஸ்டாண்டுல மாத்தாதடி, என் பின்னறைல மாத்திக்கோ" என்றேன். பதிலுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று. திரும்பி வரும்போது நடந்ததையெல்லாம் சொல்லவேண்டும். யார் யாருடன் ஆடினாள், யார் வீட்டுப் பெண் யார் வீட்டுப் பையன் காரில் ஏறினாள். நியாயமான ஏற்பாடு.

அவள் வெறுமனே ஆடப் போகவில்லை, பாடப் போனாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 'ஷரார்த்தி' என்று ஒரு குழு. தலைவன் டோனி. பெற்றவர்கள் வைத்த பேர் தர்லோச்சன். அவனிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் கறுப்பர் டிஸ்கோவில் அடிக்கிற மாதிரி வயிற்றில் குத்துகிற தாளம். அதன் மேலே நம் டோல் மேளம். அதற்கும் மேலே மிண்டோவின் குரல். மோசமில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் சோஹோ ரோட்டு மிட்டாய்க் கடையில் ஜிலேபிக்கு நிற்கிறேன், அந்தக் குரல் கேட்கிறது. குரலை விடு, வரிகளைக் கேட்டதும் கையிலிருந்த பையை விட்டேன்.

*சம்பந்தி வீட்டு அத்தைக்குக் காது ரெண்டு போதல,*
*சுவத்துல காத வச்சாளாம், சுவத்துக்கே தூக்கம் வரல.*

அது என் பாட்டு. கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் மட்டும் கூடி, கைதட்டி, கித்தா ஆடும்போது மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் பண்ணிப் பாடுவோமே, அதில் இந்த ஊரில் என்னை அடிக்க ஆளில்லை. நின்ற நிலையில் கட்டுவேன். அந்த வரியை டோனியின் அக்கா கல்யாணத்தில், சம்பந்தி அத்தையின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே கட்டினேன். அந்தம்மா சாப்பிடாமல் போய்விட்டாள். அவ்வளவு நல்ல பாட்டு. அன்றைக்கு என் பக்கத்தில் நின்று கைதட்டினவள் மிண்டோ.

கேசட்டை வாங்கி அட்டையைப் பார்த்தேன். பாடியவர் மிண்டோ. இசை டோனி. பாடல்: மரபு.

மரபு என்றால் என்ன, நீ படித்தவள், சொல். செத்து, பேர் மறந்து, எலும்பும் கரைந்துபோனவர்கள் செய்தது. நான் அன்றைக்குக் காலையில்தான் பல் டாக்டரிடம் போய்விட்டு வந்திருந்தேன்.

அவள் பின்னறையில் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"மிண்டோ, இந்தப் பாட்டு யாரோடது?"

"உங்களோடதுதான் மாசி. சூப்பரா வந்திருக்குல்ல?"

"அப்ப என் பேரு எங்கடி?"

"அட்டை எழுதினது டோனி. நாட்டுப்பாட்டுன்னா எல்லாரும் அப்படித்தான் போடுவாங்களாம். அடுத்த கேசட்ல போடச் சொல்றேன், சத்தியமா." நகம் காயாமல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

வாசலில் வேனை நிறுத்தியிருந்த டோனி தலையை நீட்டினான். "பேரு போட்டா படமும் போடணும் மாசி. உங்க படத்தப் போட்டா கேசட்ட யாரு வாங்குவா?"

"சும்மா இருடா எருமை" என்றாள் மிண்டோ. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். வேன் திருப்பத்தில் மறையும்வரை சிரித்தாள்.

இதற்காகக் கோபப்பட்டேன் என்று எழுதிக்கொள்ளாதே. எனக்குக் கோபமே வராது, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேள். அவள் எப்படிப்பட்ட இடத்தில் பாடுகிறாள் என்று கவலைதான் வந்தது. அதனால் ஒரு புதன்கிழமை சால்வையைப் போர்த்திக்கொண்டு நானே அந்த மண்டபத்துக்குப் போனேன். வாசலில் நின்ற தடியன், "யாரைத் தேடி வந்தீங்க ஆன்ட்டி?" என்று கேட்டு நடுங்கினான். ஏதோ ஒரு பெண்ணின் அம்மா என்று நினைத்து உள்ளே நாலு பெண்கள் மேசைக்கடியில் ஒளிந்தார்கள். அதில் இரண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியும், வேண்டுமானால் போகும்போது சொல்கிறேன்.

மேடையில் மிண்டோ. முன்னால் கடல் மாதிரி பிள்ளைகள். அவள் முதல் வரியைப் பாடிவிட்டு மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினாள். இரண்டாவது வரியை அத்தனை பேரும் கத்தினார்கள். என் வரியை. கூரை அதிர்ந்தது. ஒருத்தன்கூடத் திரும்பி சால்வைக்காரியைப் பார்க்கவில்லை.

அவள் கழுத்து ரொம்ப இறக்கமாகத் தைத்த சட்டை போட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

சுலக்கன் சிங்கிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, இதை அழுத்தி எழுது. கோள் சொல்கிறவள் இல்லை நான். அடுத்த புதன் அவருக்குக் காலை ஷிஃப்ட், மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். துணி வாங்கவேண்டும், டவுனுக்குக் காரில் கொண்டுபோய் விடுங்கள் என்றேன். திரும்பும்போது அந்த மண்டபத்துக்கு எதிரே கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன், கால் மரத்துப்போயிற்று என்று. ஆட்டம் முடிகிற நேரம். கதவு திறந்தது, பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள், நடுவில் ஜிகினாச் சட்டையில் இன்னும் பாடிக்கொண்டே மிண்டோ. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. நான் என் சால்வை நுனியால் அவர் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அழுதார். என் சமையலறையில் உட்கார்ந்து, "படிப்ப நிறுத்த மாட்டேன் அக்கா. பாட்ட மட்டும் விட்டுடுன்னு சொல்லிப் பாக்கறேன். கேக்கலன்னா... குரல் நல்லாத்தானே இருக்கு?" என்றார். பார், இப்படிப்பட்ட மனுஷன். இவரை விட்டால் அடுத்த வாரம் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்.

"குரல் நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு வாசல்ல வந்து நிக்கறவன் நல்லவனா இருப்பானா?" என்றேன். ஊரில் அவர் தம்பி இருக்கிறார், தம்பி கையில் ஒரு மாப்பிள்ளையும் இருந்தான். சித்தப்பா மகனுக்குக் கல்யாணம் என்று அவளைக் கூட்டிப் போகலாம் என்ற யோசனை என்னுடையது. பார்த்ததை அவளிடம் காட்டிக்கொள்ளவேண்டாம் என்றதும் நான்தான்.

மிண்டோவுக்கு ஒரே குஷி. ஜலந்தரில் தும்பி என்கிற ஒற்றைக் கம்பி வாத்தியம் வாசிக்கிற ஆட்களைப் பிடித்து ஒலிப்பதிவு பண்ணிக்கொண்டு வரப்போகிறாளாம், டோனியின் பெட்டிக்கு மேலே போட. கல்யாணப் பெண்ணுக்குச் சிவப்பு உடுப்பு நான் தைத்துக்கொடுப்பதாக ஏற்பாடு. "பொண்ணு உன் அளவுதானாம், கொஞ்சம் நில்லுடி" என்று மிண்டோவை நிற்கவைத்து அளவு பார்த்தேன். ஜரிகையோடு கண்ணாடி முன் நின்று, "ஐயோ, இது எனக்கே எவ்வளவு நல்லா இருக்கு மாசி" என்று சுற்றினாள். குண்டூசி குத்தப்போகிறது, ஆடாதே என்றேன். குத்தவில்லை. அந்த உடுப்பு அவளுக்குக் கச்சிதம்.

சுலக்கன் மட்டும் திரும்பி வந்தார். அவள் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்தார். வீட்டில் இருந்தால் மனசு மாறிவிடுமாம், அதனால் நீங்களே வைத்திருங்கள் என்றார். தன்னைத்தானே இவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருக்கிற ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அப்புறம் டோனி வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு. எல்லா நிகழ்ச்சிக்கும் டிக்கெட் விற்றாகிவிட்டது, பாட ஆளில்லை. "மாசி, பாட்டு உங்களோடது. வார்த்தை தெரிஞ்ச ஆளு உங்கள விட்டா யாரு? ஒரே ஒரு தடவ."

"என் படத்தப் பாத்தா எவன் கேசட் வாங்குவான்?" என்றேன்.

"அது நாக்குல சனி மாசி."

மிண்டோவின் ஜிகினாச் சட்டை என் பின்னறையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பிரித்து, துணி வைத்துத் தைத்தேன், கழுத்தை மட்டும் ஏற்றிவிட்டேன். வுல்வர்ஹாம்டனில் மேடை ஏறினேன். முதலில் சிரித்தார்கள். நான் முன்வரிசையில் ஒருத்தியைப் பார்த்து, அவள் அம்மாவின் பரோட்டாவைப் பற்றி அங்கேயே ஒரு வரி கட்டினேன். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று நீயே கேள்விப்பட்டிருப்பாய். "மாசி! மாசி!" என்று கத்தி, என்னைக் கீழே இறங்கவே விடவில்லை. புதுக் கேசட் வந்திருக்கிறது. பாடல் நசீப் கௌர், குரல் நசீப் கௌர், என் முழுப் பேரோடு. படமும் இருக்கிறது. நன்றாகவே விற்கிறது.

மிண்டோ ஒருதரம் போன் பண்ணினாள். யாரோ அசந்த நேரம் பார்த்து, அப்பாவுக்கு இல்லை, எனக்கு. "மாசி, அப்பாகிட்ட யார் சொன்னாங்கன்னே தெரியல. உங்கள மட்டும்தான் நம்பறேன். தீபாவளி முடிஞ்சதும் கல்யாணமாம். எனக்கு வேண்டாம் மாசி. வாசல்கூடத் தாண்ட விட மாட்டேங்கறாங்க. அப்பாகிட்ட பேசி, பாஸ்போர்ட்ட எப்படியாவது அனுப்பச் சொல்லுங்க." ஆகட்டும் கண்ணு, அழாதே, வேளைக்குச் சாப்பிடு என்றேன். ஆறுதலாகத்தான் பேசினேன்.

பேசவேண்டிய அவசியமே வரவில்லை. சுலக்கன் தானாகவே வந்து நின்றார். சோறு இறங்கவில்லையாம். "தப்பு பண்ணிட்டேன் அக்கா. பாஸ்போர்ட்டக் குடுங்க, நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன். பாடிட்டுப் போறா." எங்கேயோ வைத்தேன், காணவில்லை, தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாவம், தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். நானும் அவர் எதிரிலேயே அலமாரியைக் கலைத்துத் தேடுகிறேன்.

கோதுமை மாவுப் பீப்பாய்க்குள், அடியில், பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. பூச்சி படாது. திருடவா செய்தேன், பத்திரமாக வைத்திருக்கிறேன். கொடுத்துவிடுவேன். சனிக்கிழமை மத்தியானம் லெஸ்டரில் ஒரு நிகழ்ச்சி, அது முடியட்டும். அடுத்தது பிராட்ஃபோர்ட். அதற்குள் தீபாவளியும் வந்துபோகும், அப்புறம் அவளுக்கே பாஸ்போர்ட் அவ்வளவு அவசரமாக இருக்காது. பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டாய்? எழுது.

எழுந்திருக்காதே, உட்கார். பீப்பாயை நீயே போய்த் திறக்கவேண்டாம், கையெல்லாம் மாவாகும். நான் எடுத்துத் தருகிறேன். அதற்குமுன் ஒரு சின்ன உதவி. இரண்டு கேசட்டும் இங்கேயே இருக்கிறது, ஒரே பாட்டு, முதலில் அவள் பாடினது, அப்புறம் நான் பாடினது. நீ வெளியாள், யாருக்கும் வேண்டியவள் இல்லை. முழுசாகக் கேட்டுவிட்டு மனசாட்சியோடு சொல்: அவளைக் கூட்டிவந்துதான் ஆகவேண்டுமா?