ஜன்னல் துண்டில் சிந்தசைசர் பெட்டி

பாலாவி பஸ்ஸில் நடத்துனர், மடியில் பலகைப் பெட்டியோடு ஒரு பெண், பக்கத்தில் அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன், பின்னால் நான்.

"எங்கட ஜன்னல் துண்டு இனிப் பாட்டுப் படிக்கும்," என்றார் நானா.

நடத்துனர் திரும்பினார். "என்ன கதை இது?"

"சிந்தசைசர். கரண்டுல இசை எழுப்புற வாத்தியம். சின்னச் சின்னக் கருவியா வாங்கிப் பெட்டியில பூட்டுற," என்றாள் அவள். "வெளிநாட்டு வெறும் பெட்டியே எழுபதாயிரம் ரூபா. அத வாங்க மூணு கருவிய விக்க இரிந்தேன்."

"நான் ஜன்னல் பூட்டுறவன்," என்றார் நானா. "உப்புக் காத்துக்கு இங்க ஜன்னலெல்லாம் அலுமினியம்தான். வெட்டி எறியிற துண்டுல நட்டு ஓடுற பள்ளம் இரிக்கி. அதுலதான் இவட கருவியெல்லாம் பூட்டினேன்."

"பலகை?"

"பழைய அலுமாரிக் கதவு."

"அப்ப ஒண்டும் விக்கல்லியா தங்கச்சி?"

"இல்ல. அந்த மூணும் சேத்து எல்லாம் உள்ளுக்கு இரிக்கி."

மூடியைத் திறந்தாள். நடத்துனர் கருவிகளை விரல் வைத்து எண்ணினார்.

"ஒம்பது."