வெளுத்த வளையம்

“புதுசை எதுக்கும்மா பழசாக்கணும்?” என்று கடிகாரம் பழுது பார்ப்பவர் கேட்டார். “ஊரே பழசைப் புதுசாக்க வருது. நீ தலைகீழா வர்றே.”

எனக்கு ஆட்களிடம் பேச வராது. கைக்கடிகாரக் கண்ணாடியைச் சுற்றி எண்களோடு இருக்கும் கறுப்பு வளையம் உதிரியாக இரண்டு வேண்டும், வெளுத்துப் பழசாக்க என்று காகிதத்தில் எழுதிக் காட்டியிருந்தேன்.

“என் வீட்டுக்காரிகிட்ட குடேன். சட்டையோட சேர்த்து ஒரே துவையல்ல வெளுத்துத் தருவா” என்று சிரித்தார்.

கப்பல் வேலைக்குப் போகுமுன் அண்ணன் ஒரே மாதிரி இரண்டு கைக்கடிகாரங்கள் வாங்கினான். என்னுடையது பெட்டியிலேயே இருந்தது. அவன் போய் ஆறு வருடம், ஒரு சேதியும் இல்லை. அம்மா படுத்துவிட்டாள். பார்த்துக்கொள்ள நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். நான் ஊட்டும்போதும் அவள் கண் என் தோளைத் தாண்டி வாசலில்தான் இருக்கும்.

“யாரோ வர்ற சத்தம் கேக்குது. பாருடி.”

ஒரு நாளைக்குப் பத்து முறை பார்ப்பேன். இதற்கு ஒரு முடிவு வேண்டாமா?

துணி வெளுக்கும் திரவத்தை அப்படியே ஊற்றியதில் முதல் வளையம் பாழானது. எண்கள்கூட மிஞ்சவில்லை. இரண்டாவதற்குப் பாதி தண்ணீர் கலந்தேன். நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துக் கழுவிப் பார்த்தேன். கறுப்பு நீலமாகி, நீலம் சாம்பலானது. சட்டைக் கை மறைக்கும் பக்கம் கறுப்பு கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை முன்னதாகவே திரவத்துக்கு வெளியே தூக்கிப் பிடித்தேன். வெறும் சட்டியில் சூடாக்கியதும் லேசான பழுப்பு ஏறியது. என் கடிகாரத்தில் பொருத்தி, வாரை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன்.

“அண்ணன் கடிகாரம் கரையில ஒதுங்குச்சாம்மா. துறைமுகத்துக்காரர் கொண்டுவந்து குடுத்தார்” என்றேன்.

அம்மா கட்டைவிரலால் வளையத்தைத் தடவினாள். “எத்தனை வெயில்ல கிடந்துச்சோ” என்று அழுதாள். அழுது முடித்து என்னைப் பார்த்தாள்.

“நீ எப்போடி இப்படி இளைச்சே?”

ஆறு வருடத்தில் அவள் என்னைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் முறை. அதன்பின் பத்தொன்பது நாள் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. இருபதாம் நாள் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தில் அமைதி இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதைப் பற்றிக் கேட்பீர்கள். நான் வளையம் வாங்கப் போனதற்கு ஒரு வாரம் முன்பே அது வந்துவிட்டது. ‘அடுத்த மாதம் வந்துவிடுவேன், அம்மாவிடம் சொல்’ என்று அண்ணன் எழுதியிருந்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்லியிருந்தால் அந்த ஒரு மாதமும் வாசலையே பார்த்திருப்பாள். வந்த பிறகு அவனையே பார்த்திருப்பாள். கடிதத்தை, இதை எழுதும் இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டேன். இன்னொரு முறை என்றாலும் இதையேதான் செய்வேன். சட்டியில் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சூடாக்குவேன்.

கடிதத்தில் சொன்னபடியே அண்ணன் வந்தான், ஒரு மத்தியான வேளையில். எதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மாவின் தலையணைக்கு அடியிலிருந்த கடிகாரத்தை எடுத்து, தன் மணிக்கட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஆறு வருடம் கடலில் இருந்தும் அவனுடைய வளையம் கன்னங்கரேலென்று இருந்தது.

“உன்னோடதை யாரும் நம்ப மாட்டாங்கண்ணா” என்றேன்.

அவன் என்னுடையதைத் தலையணை மேல் வைத்தான். தன் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.