பலகைக்கு முன்னால் எல்லாரும் கைநாட்டு

இந்த ஆடிப் பதினெட்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசி, நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் வணிகப் பெருமக்களே! முந்தானையை விசிறியாக்கி முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! டீக்கடை வாசலில் நின்றுகொண்டே, நாங்களும் கூட்டத்தில்தான் இருக்கிறோம் என்று தலையாட்டும் தம்பிமார்களே! தன் சாப்பாட்டுக் கடைக்குள்ளே அடுப்பை அணைக்க மனமில்லாமல் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் விழா நாயகி ஜாஸ்மின் அவர்களே! அனைவருக்கும் இந்த முனியப்பனின் முதல் வணக்கம்.

பென்னாகரம் சந்தையில் ஐம்பத்திரண்டு வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசியவன். மிரண்டு ஓடிய ஒரு காளையைத் துரத்திப் போனபோது பள்ளிக்கூடத்து வாசலை ஒரே ஒரு முறை மிதித்தவன். காளை உள்ளே போனது, நான் போகவில்லை.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் எந்த வருஷம் எந்த மாடு எந்த ஊருக்குப் போனது என்று கேளுங்கள், கொம்பின் வளைவோடு சொல்கிறேன். எழுதி வைத்தவனுக்கு நோட்டு தொலையும். எனக்கு எது தொலையும்?

எந்த ஆண்டில் ஜாஸ்மினின் இந்தக் கடை வந்தது? எண்ணில் சொல்லத் தெரியாது எனக்கு. கொரோனாவுக்குப் பயந்து கட்டிய துணியை மூக்கிலிருந்து அவிழ்த்து எறிந்த ஆண்டு. மாமல்லபுரத்தில் ஊருலகத்து ஆட்களெல்லாம் கூடி சதுரங்கம் ஆடிய ஆண்டு. ஒகேனக்கல்லில் காவிரி கரை கொள்ளாமல் பொங்கி, பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டு, வருகிறவர்களை வழியிலேயே திருப்பி அனுப்பிய ஆண்டு. அந்த ஆண்டு ஆனி மாதக் கடைசியில்தான் ஜாஸ்மின் இங்கே கடை திறந்தாள்.

பாண்டிச்சேரியில் பதினோரு வருஷம் ஒரு பிரெஞ்சுக்காரம்மாவிடம் சமையல் கற்றவள். அந்த அம்மாவின் நாட்டுச் சிறு பட்டணங்களில் பிஸ்ட்ரோ என்று வைத்திருப்பார்களாம். பயப்படாதீர்கள், நம்ம ஊர் மெஸ்தான்! நாலு மேசை, ஒரு அடுப்பு. அன்று சந்தையில் என்ன கிடைத்ததோ அதுதான் சமையல். அதை ஒரு கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதி வைப்பார்கள். ஒகேனக்கல் போகிற வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திச் சாப்பிடுவார்கள் என்று நம்பி, ஜாஸ்மினும் பலகையைப் பிரெஞ்சிலேயே எழுதினாள்.

வெள்ளம் வெளியூர்க்காரர்களைத் திருப்பிவிட்டது. மிச்சம் யார்? நாம்! நாம் வந்தோமா? வந்தோம்! வாசல் வரைக்கும் வந்தோம்! நான் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். பேன்ட் போட்டவர் வருவார், பலகைக்கு முன்னால் நிற்பார், மேலிருந்து கீழே கண்ணை ஓட்டுவார், படித்தது போலவே தலையை அசைப்பார், செல்போனைக் காதில் வைத்து, "இதோ வந்துட்டன்" என்று யாரும் கூப்பிடாத இடத்துக்குப் போய்விடுவார். பட்டம் பெற்றவர் போனார். பட்டா எழுதுகிறவர் போனார். பாலிசி விற்கிறவர்கூடப் பேச்சில்லாமல் போனார்! எல்லாருக்கும் எழுத்து தெரியும். ஆனால் அந்த எழுத்துக்குப் பொருள் யாருக்குத் தெரியும்? ஆயுள் முழுவதும் நான் நின்ற இடத்தில் அன்று ஊரே நின்றது. அந்தப் பலகைக்கு முன்னால் எல்லாரும் கைநாட்டு!

அந்தப் படித்த கூட்டத்தில் ஒரே ஒருவர் உள்ளே போனார். பெரிய படிப்பாளி. மூவாயிரம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். ஜாஸ்மினும் அவரிடம் படித்தவள்தான். "என்ன சாப்பிடுறீங்க சார்?" என்றாள். அவர் பலகையைப் பார்த்தார். குடையைத் தூக்கினார். கடைசி வரியைக் காட்டி, "அது" என்றார்.

அது என்ன? பொறுங்கள். ஜாஸ்மின் ஒரு கணம் நின்றாள், உள்ளே போனாள், வெங்காய சூப்பு கொண்டுவந்தாள். வெங்காயத்தைத் தேன் நிறம் வரும்வரை வதக்கி, சூப்பு வைத்து, மேலே ரொட்டியையும் சீஸையும் போட்டுச் சுட்ட பண்டம். "பிரமாதம்மா! நான் எதிர்பார்த்தது இதேதான்" என்றார். மறுநாளும் குடை, மறுநாளும் கடைசி வரி, மறுநாளும் சூப்பு. இடையில் வந்த இரண்டு திங்கட்கிழமைகளிலும் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

யார் அவர் என்றா கேட்கிறீர்கள்? பெயர் கடைசியில்! தலைவருக்கு இருமல் வருகிறது, யாராவது தண்ணீர் கொடுங்கள்.

ஆடி பதினேழு. ஜாஸ்மின் டீக்கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் செத்திருந்தது.

"என்னா கண்ணு?"

"கப்பல்ல சமையல் வேல வந்திருக்குங்க தாத்தா. பதினெட்டு தாண்டுனா கடைய மூடிட்டு போயிருவேன். பாப்பாவ பாப்பிரெட்டிப்பட்டில அக்கா வூட்ல வுட்டுட்டு."

"திரும்பி எப்ப வருவ?"

"ஒம்போது மாசம் ஆகுங்க. அதுக்குள்ள என் மொகமே அவளுக்கு மறந்துரும்."

தாய்மார்களே! இரண்டு வயதுப் பிள்ளை! ஊரார் வெட்கப்பட்டதற்கு அந்தப் பிள்ளை தாயைப் பிரிய வேண்டுமா? எனக்கு நெஞ்சு கொதித்தது.

மறுநாள் ஆடிப்பெருக்கு. பஸ் ஸ்டாண்டில் புளி விற்கும் நஞ்சம்மாளைக் கூப்பிட்டேன். வத்தல்மலையிலிருந்து கேழ்வரகு மூட்டையோடு இறங்கியிருந்த குள்ளனைக் கூப்பிட்டேன். எனக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. உள்ளே போய் உட்கார்ந்தோம். மூலை மேசையில் நம் படிப்பாளி சூப்பு குடித்துக்கொண்டிருந்தார். தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன்:

"ஜாஸ்மினு! எங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதுல என்னா எழுதியிருக்குதுன்னு சொல்லு!"

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்வேன்! ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். வெங்காய சூப்பு. பாலக்கோட்டுத் தக்காளியும் கத்தரிக்காயும் எண்ணெயில் குழைய வெந்த கூட்டு. கருந்திராட்சைச் சாற்றில் ஊறிய நாட்டுக்கோழி. சாராயம் கிடையாது, தாய்மார்கள் முறைக்க வேண்டாம்! கேழ்வரகு மாவில் மெல்லிசாகச் சுட்டு, முட்டையும் சீஸும் வைத்து நாலு பக்கமும் மடித்த தோசை.

நஞ்சம்மாள் குறுக்கே விழுந்தாள். "ஏன்டி, கேவுரு தோசைக்கா இத்தினி பவுசு?"

குள்ளன் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "அது என்ற மூட்டைங்க! போன சந்தைல நான் வித்தது!"

"கடைசி வரி சொல்லலியே கண்ணு," என்றேன்.

ஜாஸ்மின் மூலை மேசையைப் பார்த்தாள். தயங்கினாள். "வுடுங்க தாத்தா."

"சொல்லும்மா, சொன்னாத்தான தெரியும்."

"திங்கக்கெழம கடை லீவுங்க."

மூலையில் கரண்டி நின்றது. பெரியோர்களே, அந்த ஒரு நொடியை எண்ணிப் பாருங்கள்! தன்னிடம் படித்த பெண் முன்னால், எழுத்தறியாத மூவர் முன்னால், அந்தப் பெரிய மனிதர் என்ன செய்திருக்கலாம்? கோபித்திருக்கலாம். குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கடையும் போயிருக்கும். அவர் எழுந்தார். சூப்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்தார்.

"முனியப்பா, பத்து நாளா நான் லீவத்தான்யா தின்னுட்டு இருக்கேன்!"

நஞ்சம்மாள் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற நாய் எழுந்து ஓடியது. அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அவளைப் பார்த்து, "ஏம்மா, தப்புன்னு அன்னைக்கே சொல்லக்கூடாதா?" என்றார்.

"நீங்க என் வாத்தியாருங்க சார். எப்பிடிங்க சொல்லுவேன்?"

அவர் கிண்ணத்தில் மிச்சமிருந்த சூப்பையும் குடித்து முடித்தார்.

சாப்பிட்டு முடித்தோம். ஜாஸ்மின் நாலு வெள்ளைத் துண்டுகள் கொண்டுவந்தாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்த அம்மாவின் ஊரில், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கை துடைக்கச் சொந்தத் துண்டு உண்டாம். பெயர் எழுதிச் சுவரில் மாட்டி வைப்பார்களாம். எங்களுக்குப் பெயர் எழுதத் தெரியாதே! பீட்ரூட் சாற்றில் கட்டை விரலைத் தோய்த்து நான் வைத்தேன், நஞ்சம்மாள் வைத்தாள், குள்ளன் வைத்தான். படிப்பாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். எங்கள் மூன்று துண்டுகளையும் பார்த்தார். பேனாவை மூடினார். விரலை நீட்டினார்!

கைதட்டுங்கள்! இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டுவீர்கள்?

நான் கேட்டதால் மட்டும் கடை பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது! கைநாட்டுக்காரன் கேட்டால் வழக்கம் என்பார்கள். மறுநாள் காலை அவர் பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று, போகிறவரையும் வருகிறவரையும் நிறுத்தி, "எனக்கு அந்தப் பலகை படிக்கத் தெரியலீங்க, போய்க் கேட்டுச் சாப்பிடுங்க" என்றாரே, அது பிழைக்க வைத்தது! கற்றவர் வாய் கூசாமல் சொன்னார். கடைவாசல் கூட்டம் கொண்டது. கப்பல் போனது, ஜாஸ்மின் போகவில்லை. அந்தப் பிள்ளை, அதோ, தாயின் இடுப்பில் உட்கார்ந்து எனக்குப் பழிப்புக் காட்டுகிறது.

பலகையைத் தமிழில் மாற்றட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுத்து தெரியாதது குறை. எனக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கேட்க வெட்கப்படுவது அதைவிடப் பெரிய குறை. இந்த ஊர் கேட்டுப் பழகட்டும்! அவள் இல்லாத நேரத்தில் பலகை நான்தான். காலையில் ஒரு முறை சொல்வாள். ராத்திரி வரை ஒரு வரி தவறாது.

அந்தத் துண்டுகள் இன்றும் உள்ளே சுவரில் தொங்குகின்றன. இரண்டு துண்டுகள் துவைத்து மடித்தபடியே இருக்கின்றன. வேறு யாருக்கும் ஜாஸ்மின் கொடுக்கவில்லை. குள்ளன் போன தை மாதம் மலையிலேயே கண்ணை மூடினான். நஞ்சம்மாள் பங்குனியில், புளிக்கூடைக்குப் பக்கத்திலேயே.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. மைக் செட்டுக்காரத் தம்பிக்கு நன்றி. உள்ளே சூப்பு சூடாக இருக்கிறது. பலகை படிக்கத் தெரியாத அத்தனை பேரும் தலை நிமிர்ந்து வாருங்கள். வாழ்க நீங்கள், வணக்கம்!

பெயர் கேட்டீர்களே. அன்று என்னோடு அந்த மேசையில் கை நனைத்தவர் மூவர். இருவர் போய்விட்டார்கள். இன்றும் இருப்பவர் ஒருவர். அவர் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறேன். அதோ, இருமலை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே, நம் தலைவர், கிருஷ்ணப்பன் வாத்தியார்!