டிரைவர் பட்டியலில் ஒரு பிழை

கிளார்க்: ...இல்ல மேடம், இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல எங்க பஸ் டிப்போவைத் தேர்ந்தெடுத்தா, கீழ டிரைவர் பட்டியல்ல அத்தனை டிப்போ ஆளுங்களும் வந்து நிக்கறாங்க.

புரோகிராமர்: எத்தனை பேர்?

கிளார்க்: எழுநூத்திச் சொச்சம். எங்க ஆளுங்க நாற்பது பேர்தான். தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போச்சு.

புரோகிராமர்: பக்கத்தை மூடிட்டு மறுபடி திறந்து பார்த்தீங்களா?

கிளார்க்: நேத்தும் இதைத்தான் கேட்டீங்க.

புரோகிராமர்: நேத்தும் இதே நேரத்துக்குத்தான் கூப்பிட்டீங்க.

கிளார்க்: இப்பதான் எல்லாரும் டீ குடிக்கப் போவாங்க. ரூம் அமைதியா இருக்கும்... பேச வசதி.

புரோகிராமர்: பிழையைப் பத்தி.

கிளார்க்: ஆமா, பிழையைப் பத்திதான்.

புரோகிராமர்: ஆள் மாத்தி யாருக்காவது டூட்டி போட்டுட்டீங்களா?

கிளார்க்: திங்கக்கிழமை. அதே பேர்ல இன்னொரு டிப்போ டிரைவர். அந்த மனுஷன் ரெண்டு பஸ் மாறி இங்க வந்து நின்னாரு. எங்க வண்டி ஆளில்லாம கிடந்துச்சு. மேனேஜர் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு.

புரோகிராமர்: அடடா... இருமல் இன்னும் விடலையா?

கிளார்க்: அது கிடக்கட்டும். நீ சாப்பிட்டியா... சாப்பிட்டீங்களா?

புரோகிராமர்: மேடத்துல ஆரம்பிச்சு எங்கயோ போகுது.

கிளார்க்: ஆறு வருஷம் குடும்பம் நடத்தின வாய். கோர்ட்ல ஒரு கையெழுத்துப் போட்டா மறந்துடுமா?

புரோகிராமர்: இருங்க, ரூம் கதவைச் சாத்திட்டு வரேன்.

கிளார்க்: லைன்ல இருக்கீங்களா?

புரோகிராமர்: இருக்கேன்.

கிளார்க்: இனிமே கூப்பிட மாட்டேன். நாளையிலேர்ந்து என்னை டிக்கெட் கவுன்ட்டருக்கு மாத்திட்டாங்க.

புரோகிராமர்: திங்கக்கிழமை விஷயத்துக்கா?

கிளார்க்: ஆமா. பரவாயில்ல. போறதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லிடறேன்... பக்கத்து சீட்காரர் லாகின்ல நாற்பது பேர்தான் வருது. மூணு வாரமா. அதுல உக்காந்தே வேலையை முடிச்சிருக்கலாம். நான்தான் தினமும் என் லாகின்ல நுழைஞ்சு, சரியாகலைன்னு உங்களைக் கூப்பிட்டுட்டு இருந்தேன்.

புரோகிராமர்: மூணு வாரம் முன்னாடி எல்லாருக்கும் சரி பண்ணிட்டேன். உங்க ஒருத்தர் லாகினை மட்டும் வேணும்னே விட்டு வெச்சேன். சரியாயிட்டா கூப்பிட மாட்டீங்களேன்னு... இப்படி ஆகும்னு நினைக்கல. நாளைக்கு நானே நேர்ல வந்து உங்க மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்... வரலாமா?